தொடாமல் சுழலும் அச்சு: நுண்மோட்டார்களும் காந்தத் தாங்கலும்

(பொறியியல் மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலருடைய மணிக்கட்டில் இந்த நேரத்தில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் முட்களை நகர்த்துவது அதுதான். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள காந்த உருளை, அதைச் சூழ்ந்த மெல்லிய உலோகத் தகடு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய காயில், அவ்வளவுதான் மோட்டார். வினாடிக்கு ஒரு மின்துடிப்பு வரும். காந்தம் அரைச் சுற்று திரும்பி நிற்கும். மாரியுஸ் லாவே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1936இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. 1969இல் சீகோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு இந்த வகை மோட்டார் உலகமெங்கும் பரவியது. 1980களில் நம் ஓசூரில் டைட்டன் ஆலை எழுந்ததும் குவார்ட்ஸை நம்பித்தான்.

இன்னொரு பொருளையும் நினைத்துப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டர் வருவதற்கு முன் நம் வீட்டு இ.பி. பெட்டிக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுழன்றுகொண்டிருக்கும். பிற்காலத்தில் வந்த பல மீட்டர்களில் அந்தத் தட்டின் எடையைத் தாங்கியவை காந்தங்கள். மேலும் கீழும் இருந்த மெல்லிய ஊசிகள், தட்டு பக்கவாட்டில் விலகாமல் மட்டும் பார்த்துக்கொண்டன. எடை ஊசியின் மேல் இறங்காததால் தேய்மானம் மிகக் குறைவு. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் விடாமல் அந்தத் தட்டு சுழன்றது.

இந்த இரண்டு பொருள்களையும் ஒன்றாக்கினால் இன்றைய உரையின் பொருள் கிடைத்துவிடும். கடிகார மோட்டாரைப் போன்ற சிறிய மின்காந்த மோட்டார். அதன் சுழலும் பகுதியான ரோட்டாரைத் தாங்கி நிறுத்துவது காந்தப்புலம். இத்தகைய மோட்டாரை எப்படி வடிவமைக்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லப்போகிறேன். சொல்வதற்கெல்லாம் அடியில் ஒரு கருத்து ஓடும்: மோட்டாரைச் சிறிதாக்கும்போது அதன் பலத்துக்குப் பெரிய ஆபத்து வருவதில்லை, ஆபத்து, ரோட்டார் எதையாவது தொடும் இடத்தில் வருகிறது. ஆகவே நுண்மோட்டாரின் வடிவமைப்பு அதன் தாங்கலிலிருந்து தொடங்க வேண்டும்.

சிறிதாகும்போது எது மாறுகிறது?

ஒரு மோட்டாரின் எல்லா அளவுகளையும் 10இல் ஒரு பங்காகக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். பரப்பு 100இல் ஒரு பங்காகும். கன அளவும் எடையும் 1000இல் ஒரு பங்காகும். இதுவரை பள்ளிக் கணக்கு.

நிலைக்காந்தம் இந்தக் கணக்கில் நமக்குத் துணை நிற்கிறது. ஒரு காந்தத்தை வடிவம் மாறாமல் சிறிதாக்கினால் அதன் முகப்பில் உள்ள புலம் குறைவதில்லை. பெரிய நியோடிமியம் காந்தத்தின் முகப்பில் 0.4 டெஸ்லா இருந்தால், அதே விகிதத்தில் வெட்டிய கடுகளவு காந்தத்தின் முகப்பிலும் 0.4 டெஸ்லா இருக்கும். ஆனால் அந்தப் புலம் இப்போது பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் தேய்ந்துவிடுவதால், அதன் சரிவு பத்து மடங்கு செங்குத்தாகிறது. காந்தத்துக்கும் காந்தத்துக்கும் இடையிலுள்ள விசை இந்தச் சரிவைப் பொறுத்தது. முடிவில் விசை 100இல் ஒரு பங்காகிறது, எடையோ 1000இல் ஒரு பங்காகிறது. தன் எடையோடு ஒப்பிட்டால் சிறிய காந்தம் பெரியதைவிடப் பத்து மடங்கு வலியது.

காயில் விஷயத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். கம்பியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் ஓடும் மின்னோட்டத்தை மாற்றாமல் வைத்தால், காந்தத்தின் மீது காயில் செலுத்தும் விசை எடை குறையும் விகிதத்திலேயே குறையும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் சிறிய காயிலில் வெப்பம் எளிதில் வெளியேறிவிடும். வெப்பம் பிறப்பது கன அளவில், வெளியேறுவது பரப்பின் வழியே. வீட்டு வயரிங்கில் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் சுமார் 15 ஆம்பியர் விடுகிறோம், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 10 ஆம்பியர். சிலிக்கானின் மேல் 50 மைக்ரான் அகலமும் 50 மைக்ரான் உயரமும் உள்ள செம்புத் தடத்தில் 1 ஆம்பியர் விட்டால் அது சதுர மில்லிமீட்டருக்கு 400 ஆம்பியர். சிலிக்கான் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் அந்தத் தடம் தாங்குகிறது. ஆக, காயிலும் காந்தமும் சேர்ந்த மோட்டார் சிறிதாகும்போது லாபமே அடைகிறது.

நஷ்டப்படுவது, காந்தமே இல்லாமல் காயிலும் காயிலும் தள்ளிக்கொள்ளும் அமைப்பு. அளவு குறையக் குறைய அதன் பலம் எடையைவிட வேகமாகச் சரிகிறது. ஆகவே நுண்மோட்டாருக்கு நிலைக்காந்தம் வேண்டும். பிரான்சின் கிரனோபில் நகரைச் சேர்ந்த ஓர்ஃபே குகா, ஜெரோம் தெலமார், ஜில்பேர் ரேன் ஆகியோர் 2003இல் வெளியிட்ட கட்டுரை இந்த விதிகளைத் தெளிவாகத் தொகுத்துத் தந்தது. காந்த நுண்கருவிகளைப் படிக்க வருபவர்கள் தொடங்க வேண்டிய இடம் அது. 1960களில் சமேரியம் கோபால்ட் காந்தமும், 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவா, அமெரிக்காவில் ஜான் க்ரோட் ஆகியோர் தனித்தனியே கண்டறிந்த நியோடிமியம் இரும்பு போரான் காந்தமும் வந்திராவிட்டால், இந்த விதிகள் காகிதத்திலேயே நின்றிருக்கும்.

தொடும் இடத்தில் வரும் சிக்கல்

1959 டிசம்பர் 29 அன்று கலிபோர்னியாவின் கால்டெக் கல்வி நிலையத்தில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் ஓர் உரை நிகழ்த்தினார். அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது 0.4 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்குள் அடங்கி ஓடும் மின்மோட்டாரை முதலில் செய்பவருக்கு 1000 டாலர் பரிசு என்று அறிவித்தார். அதற்குப் புதிய செய்முறை ஒன்று பிறந்தாக வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அடுத்த ஆண்டு நவம்பரிலேயே வில்லியம் மெக்லெல்லன் என்ற பொறியாளர் மோட்டாரோடு வந்து நின்றார். 13 பாகங்கள், 250 மைக்ரோகிராம் எடை, நிமிடத்துக்கு 2000 சுற்று. அவர் பயன்படுத்தியவை நுண்ணோக்கி, கடிகாரம் செய்வோரின் லேத், சீவிய பல்குச்சி. புதிய செய்முறை எதுவும் பிறக்கவில்லை என்றாலும் ஃபெய்ன்மன் சொன்ன சொல் தவறாமல் பரிசைக் கொடுத்தார். மெக்லெல்லனின் கைத்திறனை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். தேர்ந்த கையும் பொறுமையும் இயற்பியலின் எல்லை வரை போக முடியும் என்று அவர் காட்டினார்.

ஃபெய்ன்மன் எதிர்பார்த்த புதிய செய்முறை பிறகு சிலிக்கான் சிப் தொழிலிலிருந்து வந்தது. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாங்-ஷெங் ஃபான், யூ-சாங் தாய், ரிச்சர்ட் முல்லர் ஆகியோர், ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் ரோட்டாரைச் சுழலவைத்தார்கள். அது காந்த மோட்டார் அல்ல. நிலைமின்னூட்டத்தின் ஈர்ப்பில் ஓடுவது. உலகமே அதைக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த மோட்டாரும் அதன் வழி வந்தவையும் ஒரே தடையில் முட்டி நின்றன: ரோட்டாரும் நடு அச்சும் உரசும் இடம்.

ஏன் என்று பார்ப்போம். உராய்வும் ஒட்டுதலும் பரப்பின் வேலை. ஒரே வேகத்தில் சுழலும் ரோட்டாரின் இயக்க ஆற்றலோ அளவின் ஐந்தாம் அடுக்கில் குறைகிறது. அளவை 10இல் ஒன்றாக்கினால் ஆற்றல் 1 லட்சத்தில் ஒன்றாகிவிடும். பெரிய மோட்டாரை அணைத்தால் தன் வேகத்திலேயே வெகுநேரம் ஓடி நிற்கும். நுண்மோட்டார் அணைத்த கணமே நின்றுவிடும். எண்ணெய் விட்டால் தீருமா? அந்த அளவில் எண்ணெயின் பரப்பு இழுவிசையே ரோட்டாரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரம் படிந்தாலும் அதே கதை. பந்து பேரிங் வைக்கலாம் என்றால் அந்தப் பந்துகளைச் செய்வதும் பொருத்துவதும் மோட்டாரைச் செய்வதைவிடக் கடினமாகிவிடும்.

காந்த மோட்டாரில் இன்னொரு சுமையும் சேர்கிறது. 8 மில்லிமீட்டர் விட்டமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள நியோடிமியம் தட்டு ஒன்றை ரோட்டாராக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறை ஏறத்தாழ 0.19 கிராம். புவியீர்ப்பு அதை இழுக்கும் விசை 2 மில்லிநியூட்டனுக்கும் குறைவு. அதற்குக் கீழே புலத்தைக் கூட்டுவதற்காக ஓர் இரும்புத் தகடு வைத்தால், இடைவெளியில் 0.3 டெஸ்லா இருக்குமானால், 40 சதுர மில்லிமீட்டர் முகப்பில் காந்தம் இரும்பை நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 1.4 நியூட்டன். ரோட்டாரின் எடையைப் போல் 700 மடங்குக்கு மேல்! அச்சின் முனையில் அழுந்துவது இந்தச் சுமைதான். எடையை மட்டும் கணக்கிட்டுப் பேரிங்கைத் தேர்ந்தெடுத்தால் மோட்டார் நகரவே நகராது. அதனால்தான் நுண்மோட்டார் வடிவமைப்பில் பலரும் இரும்பையே தவிர்க்கிறார்கள். புலம் குறையும், ஆனால் ரோட்டார் விடுதலை பெறும்.

எர்ன்ஷா போட்ட தடை

காந்தம் இவ்வளவு வலியது, தொடுவதோ இவ்வளவு தீங்கு என்றால், ரோட்டாரைக் காந்தங்களுக்கு நடுவில் மிதக்கவிட்டால் முடிந்தது என்று தோன்றும். சாமுவேல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரும் மதகுருவுமானவர் 1842இல் வெளியான கட்டுரையில் இதற்கு ஒரு தடையைக் கணிதமாக நிறுவிவிட்டார். தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இயங்கும் விசைகளை மட்டும் கொண்டு ஒரு பொருளை எல்லாத் திசைகளிலும் உறுதியாக நிலைநிறுத்த முடியாது. நிலைக்காந்தங்களுக்கும் இது பொருந்தும்.

மலைக்கணவாய் ஒன்றின் நடுவில் நிற்பவரை எண்ணிப் பாருங்கள். இரு பக்கமும் மலை எழும்புவதால் அந்தத் திசையில் அவர் உருள மாட்டார். முன்னும் பின்னும் சரிவு இறங்குவதால் அந்தத் திசையில் ஒரு சிறு தள்ளலே போதும். காந்தத் தாங்கலின் நிலப்பரப்பு எப்போதும் இப்படிக் கணவாயாகத்தான் அமையும். மூன்று திசைகளிலும் உள்ள விறைப்பைக் கூட்டினால் கூட்டுத்தொகை பூஜ்யம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையக் காந்தங்களை வைத்து, பக்கவாட்டு இரு திசைகளிலும் உறுதியைப் பெற்றால், அச்சின் திசையில் அதைப் போல் இரண்டு மடங்கு உறுதியின்மையை ஏற்றுக்கொண்டாக வேண்டும். வளையங்களை எத்தனை வகையில் மாற்றி வைத்தாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது.

தடை எங்கே என்று துல்லியமாகத் தெரிந்த பிறகு வடிவமைப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி எளிதாகிறது: எந்தத் திசையைக் காந்தத்திடம் விடுவது, எந்தத் திசையை வேறொன்றிடம் ஒப்படைப்பது? காந்தத் தாங்கல் துறையின் அறிவெல்லாம் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள்தான்.

முதல் விடை, மீதமுள்ள ஒரு திசையில் ஒரே ஒரு புள்ளியில் தொடவிடுவது. ரோட்டாரின் நடுவில் ஒரு கூர்முனை, அதற்கு எதிரே கெம்புக்கல் அல்லது நீலக்கல் தகடு. பக்கவாட்டைக் காந்தம் பார்த்துக்கொள்ளும். அச்சுத் திசையில் அழுத்தம் சிறிதாக இருக்கும்படி காந்தங்களின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். தொடும் புள்ளி சுழற்சியின் மையத்திலேயே இருப்பதால் உராய்வின் திருப்புவிசை மிகக் குறைவு. மலிவானது, எளியது.

இரண்டாவது விடை, அந்தத் திசையை மின்னணுவியலிடம் கொடுப்பது. ரோட்டார் எங்கே இருக்கிறது என்று ஓர் உணரி இடைவிடாமல் அளக்கும். விலகினால் காயிலில் மின்னோட்டத்தை மாற்றி மீட்கும். புலம் நேரத்துக்கு நேரம் மாறுவதால் எர்ன்ஷாவின் தடை இங்கே செல்லாது. ஆனால் ரோட்டார் சிறிதாகச் சிறிதாக அது விலகும் வேகமும் கூடுவதால், கட்டுப்பாட்டுச் சுற்றும் வேகமாக இயங்க வேண்டும். உணரிக்கு இடமும் வேண்டும். இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1930களிலும் 40களிலும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஸ்ஸி பீம்ஸ், எஃகு உருண்டைகளை வெற்றிடத்தில் காந்தத்தால் தொங்கவிட்டுச் சுழற்றினார். அதே வழியில் 2018இல் சூரிக் நகரின் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அரை மில்லிமீட்டர் அளவுள்ள எஃகு உருண்டையை நிமிடத்துக்கு 4 கோடி சுற்று சுழலவைத்தார்கள். அந்த வேகத்தில் உருண்டையின் வெளிப்பரப்பு வினாடிக்கு 1000 மீட்டருக்கு மேல் ஓடியது. எதையும் தொடாத பொருளுக்கு எஃகின் சொந்த வலிமைதான் வேக எல்லை.

மூன்றாவது விடை, டயா காந்தப் பொருள்கள். பிஸ்மத்தும் பைரோலிட்டிக் கிராஃபைட்டும் எந்தக் காந்தத்தின் எந்த முனையையும் மெல்ல விலக்கும். இயற்பியலாளர் வெர்னர் பிரவுன்பெக் 1939இல் இந்த வகைப் பொருளுக்கு எர்ன்ஷாவின் தடை பொருந்தாது என்று காட்டினார். விலக்கும் விசை மிகச் சிறிது. 1997இல் நெதர்லாந்தில் ஆந்திரே கெய்ம் குழுவினருக்கு உயிருள்ள தவளையை மிதக்கவிட 16 டெஸ்லா புலம் தேவைப்பட்டது. நுண் அளவில் நிலைமை தலைகீழ். புலத்தின் சரிவு செங்குத்தாவதால், முனைகளை மாற்றி மாற்றி அடுக்கிய சில நியோடிமியம் காந்தங்களின் மேல் மெல்லிய கிராஃபைட் தகடு மின்சாரமே இல்லாமல் மிதந்து நிற்கும். சிறிய அளவுக்கென்றே இயற்கை கொடுத்த வழி என்று இதைச் சொல்வேன்.

நான்காவது, ரோட்டாரின் சுழற்சியையே துணைக்கு அழைப்பது. காந்தத் தட்டின் மேல் மிதக்கும் பம்பரப் பொம்மை இப்படித்தான் நிற்கிறது. ஆனால் குறிப்பிட்ட வேக எல்லைக்குள் மட்டுமே அது நிற்கும். நின்று தொடங்க வேண்டிய மோட்டாருக்கு இது உதவாது.

கணக்கு என்ன சொல்கிறது?

முன்பு சொன்ன 8 மில்லிமீட்டர் தட்டுக்கே திரும்புவோம். அதை நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்று சுழற்ற விரும்புகிறோம். தட்டின் நிறைமையம் சுழற்சி மையத்திலிருந்து ஒரே ஒரு மைக்ரான் விலகியிருக்கிறது என்று கொள்ளுங்கள். எந்தப் பட்டறையும் வெட்கப்பட வேண்டாத துல்லியம் அது. இருந்தும், அந்த வேகத்தில் அந்த ஒரு மைக்ரான் எழுப்பும் மையவிலக்கு விசை ஏறத்தாழ 20 மில்லிநியூட்டன். ரோட்டாரின் எடையைப் போல் பத்து மடங்குக்கும் மேல். விறைப்பான பேரிங்கில் இந்த விசை ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கைத் தாக்கும்.

காந்தத் தாங்கல் மென்மையானது. அதன் பக்கவாட்டு விறைப்பு மீட்டருக்கு 20 நியூட்டன் என்றால், இந்த ரோட்டாரின் இயல்பு அதிர்வு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3100 சுற்று வேகத்தில் வரும். அந்த வேகத்தைக் கடக்கும்போது ரோட்டார் கொஞ்சம் ஆடும். கடந்த பிறகு அது தன் நிறைமையத்தைச் சுற்றியே சுழலத் தொடங்கும். சமநிலைக் குறை தாங்கலை எட்டாது. மென்மை இங்கே குறை அல்ல, பாதுகாப்பு. ஆனால் கடக்கும் அந்தச் சில கணங்களுக்குத் தணிப்பு வேண்டும். நிலைக்காந்தத்துக்குத் தணிக்கும் குணம் அநேகமாக இல்லை. அருகில் ஒரு செம்புத் தகட்டை வைத்தால், ரோட்டாரின் ஆட்டம் அதில் சுழல் மின்னோட்டங்களை எழுப்பி ஆற்றலை உறிஞ்சும். இதற்கென்று ஒரு காந்தத்தை, அச்சைச் சுற்றிச் சீரான புலம் உள்ளதாகத் தனியே வைக்க வேண்டும். இல்லையென்றால் செம்பு, ஆட்டத்தோடு சேர்த்துச் சுழற்சியையும் தடுத்துவிடும்.

அடுத்தது வலிமை. கிரனோபில் குழுவினர் இதே 8 மில்லிமீட்டர் அளவுள்ள காந்த ரோட்டாரைக் கொண்டு தட்டையான நுண் ஜெனரேட்டர் செய்து, நிமிடத்துக்கு 3,80,000 சுற்று வேகத்தில் 5 வாட் மின்சாரம் எடுத்தார்கள். அந்த வேகத்தில் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 160 மீட்டர் ஓடும். சுட்டு இறுக்கிய நியோடிமியம் காந்தம் பீங்கானைப் போல நொறுங்கக்கூடியது. இந்த வேகத்தில் அதன் உள்ளே எழும் தகைவு அது தாங்கும் இழுவலிமைக்கு அருகே வந்துவிடுகிறது. தட்டின் நடுவில் அச்சுக்காக ஒரு துளை போட்டால், துளையின் ஓரத்தில் தகைவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதிவேக ரோட்டார்களில் காந்தத்துக்கு வெளியே டைட்டானியம் உறை போடுவது இதனால்தான். இங்கே தாங்கலும் வலிமையும் ஒன்றையொன்று சந்திக்கின்றன: காந்தத்தால் தாங்கினால் அச்சு வேண்டாம், அச்சு வேண்டாமென்றால் துளை வேண்டாம், துளை இல்லாவிட்டால் ரோட்டார் இன்னும் வேகமாக ஓடும்.

செய்யும் விதம்

காயிலிலிருந்து தொடங்குவோம். சிலிக்கான் வேஃபரின் மேல் மின்காப்பாக ஆக்சைடு படலம் வளர்க்கிறார்கள். அதன்மேல் மிக மெல்லிய செம்புப் படலம். அதற்கு மேல் ஒளியில் தன்மை மாறும் பாலிமர்ப் பூச்சு. முகமூடித் தகட்டின் வழியே புற ஊதா ஒளியைப் பாய்ச்சிக் கழுவினால் காயிலின் வடிவத்தில் பள்ளங்கள் கிடைக்கும். வேஃபரை மின்முலாம் தொட்டியில் இறக்கினால் பள்ளங்களுக்குள் செம்பு வளர்ந்து நிரம்பும். பிறகு பாலிமரை நீக்கி, அடியிலுள்ள மெல்லிய படலத்தையும் அரித்து எடுத்துவிட்டால் பல பத்து மைக்ரான் உயரமுள்ள செம்புத் தடங்கள் நிற்கும். அதன்மேல் மின்காப்பு, இன்னொரு அடுக்கு, இரண்டையும் இணைக்கும் துளைகள். கம்பியைச் சுற்றும் வேலையே இல்லை. ஒரே வேஃபரில், மோட்டாரின் நிலையான பகுதியான ஸ்டேட்டர்கள் ஏராளமாக ஒரே நேரத்தில் பிறக்கின்றன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் 1980களில் உருவான முறை இதே எண்ணத்தை எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆழமான பள்ளங்களுக்குக் கொண்டுசென்றது. அதைக் கையாண்டு 1990களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹென்றி குகெல் குழுவினர் நிக்கல் ரோட்டார் கொண்ட காந்த நுண்மோட்டார்களைச் செய்தார்கள்.

காந்தம் இவ்வளவு எளிதில் பணியாது. இன்னும் காந்தமாக்காத பெரிய காந்தப் பொருள் துண்டிலிருந்து வயர்கட் இயந்திரத்தில் பொறி அரிப்பால் தட்டை வெட்டி எடுப்பது ஒரு வழி. நம் கோவைப் பட்டறைகளில் டை செய்யும் நண்பர்களுக்கு நன்கு தெரிந்த இயந்திரம் அது. வெட்டும்போது வெப்பம் பட்ட ஓரப் படலத்தில் காந்தத் தன்மை கெட்டுவிடும். பெரிய காந்தத்தில் அது பொருட்டல்ல, அரை மில்லிமீட்டர் தட்டில் பொருட்டாகும். இன்னொரு வழி, வெற்றிட அறையில் காந்தப் பொருளை அணு அணுவாகப் படியவிட்டுத் தடித்த படலமாக வளர்ப்பது. கிரனோபிலின் நேல் ஆய்வகத்தில் நோரா டெம்ப்சி குழுவினர் இதில் முன்னோடிகள்.

வெட்டிய தட்டு இன்னும் காந்தமாகவில்லை. அதன் முகப்பில் வடக்கும் தெற்குமாக முனைகளை மாறி மாறிப் பதிக்க வேண்டும். வளைந்து வளைந்து செல்லும் கடத்தியின் மேல் தட்டை வைத்து, மின்தேக்கிகளில் சேமித்த ஆற்றலை ஒரே கணத்தில் பாய்ச்சி, பல டெஸ்லா புலத்தைத் தட்டுக்குள் செலுத்துகிறார்கள். முனைகள் ஒரு மில்லிமீட்டரைவிட நெருக்கமானால் கடத்தியே அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. அதற்கு மாற்றாகப் படலம் முழுவதையும் ஒரு திசையில் காந்தமாக்கிவிட்டு, எதிர்ப்புலத்தில் வைத்து, முகமூடியின் வழியே லேசர் துடிப்பால் வேண்டிய இடங்களை மட்டும் சூடாக்குகிறார்கள். சூடான இடம் தன் திசையை மாற்றிக்கொள்கிறது. எவ்வளவு நேர்த்தியான வழி பாருங்கள்!

பொருத்தும்போது இரும்பு இடுக்கி கூடாது. காந்தம் தாவி ஒட்டிக்கொள்ளும். பித்தளை, டைட்டானியம், பீங்கான் இடுக்கிகளே உதவும். முடிந்தால் காந்தமாக்கும் முன்பே ஒட்டிவிடுவது நல்லது.

செய்து முடித்த மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? இத்தனை சிறிய திருப்புவிசையை அளக்கும் கருவி விலை மிக்கது. ஆனால் காந்தத் தாங்கல் தானே ஒரு வழியைத் தருகிறது. ரோட்டாரை வேகத்துக்குக் கொண்டுவந்து மின்சாரத்தை நிறுத்துங்கள். சுழலும் காந்தம் காயிலில் தூண்டும் மின்னழுத்தத்தைப் பதிவுசெய்தால் வேகம் எப்படிக் குறைகிறது என்று தெரியும். தொடும் புள்ளியின் உராய்வு வேகத்தை நேர்கோட்டில் குறைக்கும். செம்பின் தடையும் காற்றின் தடையும் வளைகோட்டில் குறைக்கும். ஒரே வரைபடத்தில் மோட்டாரின் குறைகளைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

எதற்காக இவ்வளவு பாடு?

இந்த அறிவு மனிதரின் நெஞ்சுக்குள் வேலை செய்வதைச் சொல்லி முடிக்கிறேன். இதயம் பலவீனமானவர்களுக்கு ரத்தத்தை உந்தித் தள்ளச் சிறு பம்ப் பொருத்துகிறார்கள். ஹார்ட்மேட் 2 என்ற பம்ப்பில் ரோட்டாரைத் தாங்கியவை கெம்புக்கல் பேரிங்குகள். அவற்றைக் குளிரவைத்து வழுக்கவைத்தது நோயாளியின் ரத்தமே. தொடும் இடத்தில் ரத்தம் தேங்கி உறையக்கூடும். உறைந்தால் பம்ப்பையே மாற்ற வேண்டும். அடுத்து வந்த ஹார்ட்மேட் 3இல் ரோட்டார் முழுவதும் காந்தத்தில் மிதக்கிறது. சுழற்றும் காயில்களும் தாங்கும் காயில்களும் ஒரே ஸ்டேட்டரில் இருக்கின்றன. அச்சுத் திசையையும் சாய்வையும் நிலைக்காந்தத்தின் ஈர்ப்பு பார்த்துக்கொள்ள, பக்கவாட்டு இரு திசைகளையும் மின்னணுவியல் பார்த்துக்கொள்கிறது. எர்ன்ஷாவின் கணக்கைப் பங்கு பிரித்த விதம் இது. அமெரிக்காவில் 2017இல் அதற்கு அனுமதி கிடைத்தது. 1028 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்த மருத்துவ ஆய்வில், பழைய பம்ப் பெற்றவர்களில் 11.3 சதவீதம் பேருக்கு அதை மாற்ற நேர்ந்தது; புதிய பம்ப் பெற்றவர்களில் 2.3 சதவீதம் பேருக்கு மட்டுமே நேர்ந்தது. புதிய பம்ப்பில் ரத்தம் செல்லும் வழிகளும் அகலம், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டும் முறையும் உண்டு. பலன் எல்லாவற்றுக்கும் சேர்ந்தது. ஆனால் அகலமான வழி சாத்தியமானதே ரோட்டார் எதையும் தொட வேண்டியிராததால்தான்.

மாணவர்களே, இந்தத் துறைக்குள் நுழையப் பெரிய ஆய்வகம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். சில நியோடிமியம் காந்தங்கள், ஒரு கிராஃபைட் தகடு, சர்க்யூட் போர்டில் அச்சிட்ட தட்டைக் காயில், மூன்று கட்ட மின்னோட்டம் தரும் சிறிய டிரைவர், ஒரு ஆசிலோஸ்கோப் இருந்தால் போதும். கல்லூரி மேசையிலேயே காந்தத்தால் தாங்கப்பட்ட மோட்டாரை ஓட்டி, அதன் வேகச் சரிவை வரைந்துவிடலாம். நம் கோவைக்கு அது அந்நியமான வேலை அல்ல. பம்ப்செட்டுகளையும் மோட்டார்களையும் தலைமுறைகளாகச் செய்து, காயில் கட்டி, பழுது பார்த்து வாழும் ஊர் இது. பெரிய மோட்டாரில் பேரிங்கைக் கடையில் வாங்கிப் பொருத்துகிறோம். நுண்மோட்டாரில் பேரிங்கை யாரும் விற்பதில்லை. அதை நாமே சிந்தித்துச் செய்தாக வேண்டும். வரைபடத்தில் முதல் கோடு போடும் முன்பே, ரோட்டார் எந்தத் திசையில் எதனால் தாங்கப்படும் என்று எழுதிவையுங்கள். அதற்குத் தெளிவான விடை இருந்தால் காயிலும் காந்தமும் கட்டுப்பாடும் ஒவ்வொன்றாக வந்து பொருந்தும். விடை இல்லாமல் தொடங்கிய மோட்டார், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் ஓடாது.